கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும்: இளந்தம்பதிகளுக்கு ஒரு பாடம்

வியாபாரிகளாகிய நம்மிடம் கடைக்கு ஏடு உண்டு. நாள்வழி உண்டு, பேரேடு உண்டு, வருஷக் கடைசியில் ஐந்தொகை போட்டு லாப நஷ்டம் பார்க்கும் பழக்கமும் உண்டு. வீட்டுக்கு மட்டும் ஏடு இல்லை. கடையில் மிஞ்சிய பணம் வீட்டுக்கு. கடை சாத்திய பின் மிஞ்சிய நேரம் வீட்டுக்கு. சரக்கெடுக்கப் போன இடத்தில் மிஞ்சிய ஒரு நாள் மனைவியின் உல்லாசப் பிரயாணத்துக்கு. இப்படி மிச்சத்தைக் கொண்டே குடும்பம் நடத்தும் வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது, புதிதாக மணம் முடித்து இந்நாட்டில் குடித்தனம் தொடங்கும் பிள்ளைகளுக்கு அது பொருந்துமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

நம் முன்னோர்களில் பெரும்பாலோர் கடையை இங்கே வைத்தார்கள். வீட்டை ஊரிலே வைத்தார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கீழே கடை, மேல்மாடியில் பாய், சமையலுக்கு ஒரு பண்டாரி. மனைவி மக்கள் காயல்பட்டினத்திலோ, கீழக்கரையிலோ, நாகூரிலோ இருந்தார்கள். 'ரஜூலா' கப்பலின் பெயரைக் கேள்விப்படாத குடும்பம் நம்மில் குறைவு. 1926-ம் ஆண்டு கட்டப்பட்ட அக்கப்பல் 1970-களின் தொடக்கம் வரையில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய் வந்து கொண்டிருந்தது. கரை சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1984-ம் ஆண்டின் தீ விபத்தோடு நின்று போயிற்று. சபராளி என்று ஊரார் அழைத்த அந்த மனிதர் சில வருஷங்களுக்கு ஒரு முறை ஊர் போவார், சில மாதங்கள் இருப்பார், மறுபடியும் கப்பலேறுவார்.

அந்தக் குடும்பங்கள் எப்படி நிலைத்தன? விடை நம் கடற்கரை ஊர்களின் வழக்கத்திலேயே இருக்கிறது. காயலிலும் கீழக்கரையிலும் நாகூரிலும் பல குடும்பங்களில் பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். கணவர் இரண்டு வருஷம் கடல் கடந்து இருந்தாலும் அவளைச் சுற்றி உம்மா இருந்தார், லாத்தாமார் இருந்தார்கள், பிள்ளை அழுதால் தூக்க நாலு கை இருந்தது. சபராளி அனுப்பியது பணம். வீட்டை நடத்தியவர்கள் அந்தப் பெண்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து மக்களின் வழி வேறாக இருந்தது. அவர்கள் குடும்பத்தோடு சிங்கப்பூர் வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் அக்கம்பக்கமாகக் குடியிருந்தார்கள்; ஆகவே அவர்கள் பெண்டிருக்கும் துணை இருந்தது. ஆக, ஆண்பிள்ளை மிச்சத்தைக் கொடுத்தும் வீடு ஓடியதென்றால், அதை ஓட்டுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள் என்பதே காரணம்.

இன்று மணமாகி வரும் பெண்ணின் நிலையைப் பாருங்கள். பன்னிரண்டாம் மாடியில் மூன்று அறை வீடு. மாப்பிள்ளை காலை ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனால் இரவு பத்தரைக்குத் திரும்புகிறார். உம்மாவோடு பேசத்தான் கைத்தொலைபேசி இருக்கிறதே என்பார்கள். ஊருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இவள் காலை ஆறு மணிக்கு எழுந்தால் அங்கே மூன்றரை மணி; இவளுக்குப் பசியாறும் நேரம் அங்கே எல்லாரும் உறக்கம். பேச வாய்க்கும் நேரத்தில் எத்தனை நேரம்தான் ஆணத்துக்குத் தேங்காய்ப்பால் எப்போது ஊற்றுவது என்று கேட்டுக் கொண்டிருப்பது? பிறந்த வீட்டிலேயே வாழ்நாளெல்லாம் இருக்கும் வழக்கத்தில் வளர்ந்த பெண், அதை விட்டு வந்து பதின்மூன்று மணி நேரம் தனித்திருக்கிறாள். இந்த இல்லறத்தை மிச்சத்தில் நடத்த முடியாது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். நம்மில் பலர் வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து அவ்வப்போது எடுப்பார்கள். இன்று ஐம்பது வெள்ளி, நாளை முப்பது, நாளை மறுநாள் எழுபது. நாளொன்றுக்குச் சராசரி ஐம்பது வெள்ளி என்று வைத்துக் கொண்டாலும் மாதம் 1,500. வருஷத்துக்கு 18,000 வெள்ளி. இது நாள்வழியில் ஏறாது. வருஷக் கடைசியில் கல்லா குறைகிறதே என்று கடைப்பையனைச் சந்தேகிப்போம். பங்காளி நம்மைச் சந்தேகிப்பார். வீட்டிலோ அவள் ஒவ்வொரு நாளும் கை நீட்டிக் கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டுச் சலித்த பெண் கேட்பதை நிறுத்தி விடுவாள். அதைச் சிக்கனம் என்று நாம் மெச்சிக் கொள்வோம்! முதலாளியும் தமக்கென்று ஒரு மாதச் சம்பளம் எழுதிக்கொண்டு, வீட்டுக்குரியதை முதல் தேதியிலேயே முழுதாக மனைவியிடம் கொடுத்து விடுவதே சரி. அவள் அதற்கு ஒரு குறிப்பேடு வைக்கட்டும். நம் உம்மாமார் பால்காரனுக்கும் மீன்காரனுக்கும் சுவரிலே கரிக்கோடு போட்டுக் கணக்கு வைத்தவர்கள்தாமே!

இதிலே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மஹர் பெண்ணின் சொந்தச் சொத்து. அவள் கொண்டு வந்த நகையும் அப்படியே. சரக்குக்கு முதல் குறைகிறதென்று அந்த நகையை அடகுக் கடைக்கு அனுப்பும் இளம் வியாபாரிகளை நாம் அறிவோம். அவள் மனம் ஒப்பிக் கொடுத்தால் வாங்கலாம். ஆனால் அது கடன். பிறரிடம் வாங்கும் கடனைப் போலவே தேதி போட்டு, எடை போட்டு, திருப்பும் நாள் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். மனைவியிடம் சீட்டா என்று சிரிப்பவர், கடை நொடித்தபின் பெண்ணைப் பெற்றவர்கள் முன்னே நிற்க வேண்டி வரும்போது சிரிப்பதில்லை.

நேரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டாம். பகலுணவோ இரவுணவோ, ஒரு வேளை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வாரத்தில் அரை நாள் கடைப்பேச்சு இல்லாமல் இருக்க வேண்டும். அந்த அரை நாளில் கைத்தொலைபேசியைக் கடைப்பையனிடம் கொடுத்து விட்டு வருவது உத்தமம்.

இனி, பிரயாணம். ஊர்ப் பயணமே இளந்தம்பதிகளின் பெரிய பயணம். கப்பல் காலத்தில் ஒரு வாரம் பிடித்தது இன்று திருச்சிக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரப் பறப்பு. பயணம் குறைந்ததோடு தங்குவதும் குறைந்து விட்டது. பதினான்கு நாள் விடுமுறை என்று வைத்துக் கொள்ளுங்கள். போக வர இரண்டு நாள். மாப்பிள்ளை சென்னையில் சரக்குப் பார்க்க மூன்று நாள். இரண்டு கல்யாணம், ஒரு வீடு குடிபுகுதல், அதற்கு நாலு நாள். சொந்தக்காரர் வீடுகளில் விருந்து மூன்று நாள். பெண்ணுக்குத் தன் உம்மா பக்கத்தில் உட்கார மிஞ்சுவது இரண்டே நாள். அதிலும் ஒரு நாள் பெட்டி கட்டுவதில் போய்விடும். பயணச்சீட்டு எடுக்கும் முன்பே நாட்களைப் பிரித்து எழுதி, அவள் நாட்களை முதலில் ஒதுக்கி விட்டு, மற்றவற்றை மிச்சத்தில் அடக்க வேண்டும். சரக்கெடுப்பதை வேறொரு பயணமாக வைத்துக் கொண்டால் இன்னும் நல்லது. ஊருக்குப் பெட்டி நிறைய அன்பளிப்பு கொண்டு போகும் விஷயத்தில், எத்தனை கிலோ என்பதை விமானக் கம்பெனி தீர்மானிக்கிறது; எத்தனை வெள்ளி என்பதை மாமி தீர்மானிக்காமல் இருந்தால் சரி.

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போக விரும்பும் பெண்ணுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. 28 வாரம் கடந்தால் பெரும்பாலான விமானக் கம்பெனிகள் மருத்துவரின் சான்றுக் கடிதம் கேட்கின்றன. 36 வாரமானால் பல கம்பெனிகள் ஏற்றிக் கொள்வதில்லை. ஆகையால் ஒன்பதாம் மாதம் பார்த்துக் கொள்ளலாம் என்று இருந்து விடக் கூடாது. கடவுச்சீட்டில் ஆறு மாதத்துக்குக் குறையாத காலம் இருக்கிறதா என்பதையும், இந்தியாவுக்கு விசா எடுக்க வேண்டுமா என்பதையும் மாப்பிள்ளை தாமே பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்த பின் திரும்பி வர அதற்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும், அதற்கு நாளாகும்.

ஊர்ப் பயணம் கடமை. அதைத் தவிர, இருவருக்கே உரிய ஒரு பயணமும் வருஷத்தில் வேண்டும். அதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. கோலாலம்பூரில் ரயிலேறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த். அங்கிருந்து பாலம் வழியாகப் போகாமல் படகிலேயே போங்கள். முன்னோர்கள் பினாங்கைக் கண்டது கடலிலிருந்துதான். பினாங்குக் கொடிமலையில் 1923 முதல் மலை ரயில் ஓடுகிறது. மாலையில் மலைமேலே நின்று ஜார்ஜ் டவுனின் விளக்குகளைப் பார்க்கலாம். மறுநாள் சூலியா தெருவிலும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கத்திலும் மெல்ல நடந்து, வாப்பாவின் வாப்பா எந்தக் கடையின் மேல்மாடியில் பாய் போட்டிருந்தார் என்று காட்டலாம். மலாக்கா அருகில் உள்ளவர்கள் 1748-ல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலைப் பார்க்கலாம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குத் தெலுக் ஆயர் தெருவில் 1830-ல் கட்டி முடிந்த நாகூர் தர்கா நடந்து போகும் தூரம்தான். ஆனாலும் பலர் மனைவியை அங்கே அழைத்துப் போனதில்லை.

கோலாலம்பூருக்குச் சுற்றிப் பார்க்கப் போகும் ஜவுளிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மஸ்ஜித் இந்தியா சாலைக்கு "ஒரு பத்து நிமிஷம்" என்று நுழைந்தவர் மூன்று மணி நேரம் கழித்து விலைப்பட்டியலோடு வெளியே வருவார். அவள் அறையில் சன்னலைப் பார்த்துக் கொண்டிருப்பாள். அதுவும் சரக்குப் பயணமே. அதை வீட்டுக் கணக்கில் எழுதக் கூடாது.

எப்போது போவது? நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் ஜவுளிக் கடைக்காரர் அசைய முடியாது. தீபாவளிக்கு முன்னும் அப்படியே. மளிகைக்காரருக்கு நோன்பு தொடங்குமுன்பே வேலை கூடிவிடும். பள்ளி விடுமுறையில் ரயில் சீட்டும் அறை வாடகையும் ஏறும். ஆகையால் பெருநாள் முடிந்த மூன்றாம் நான்காம் வாரத்தில், வியாபாரம் தணிந்திருக்கும் ஒரு திங்கள், செவ்வாய், புதனைப் பார்த்து இப்போதே குறித்துக் கொள்ள வேண்டும். அந்த மூன்று நாளும் கல்லாச் சாவி யாரிடம் இருக்கும், வங்கிக்கு யார் போவார் என்பதைக் கடைப்பையன்களிடம் முன்கூட்டியே சொல்லி, தேதியைக் கடையின் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். வீட்டுக் காலண்டரில் அவளே எழுதிக் கொள்வாள்.