கெட்டிக்காரிக்கும் விளையாட்டுப் பாடவேளை உண்டு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கரும்பலகையில் நான் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். என்.எம்.எம்.எஸ். தேர்வு, வினாடி வினா, பேச்சுப் போட்டி என எது வந்தாலும் பட்டியலில் முதல் பெயர் அவளுடையதுதான். உடற்கல்விப் பாடவேளையில் மற்றவர்கள் திடலுக்கு ஓடுவார்கள். அவளை மட்டும் நிறுத்தி வைத்து மாதிரி வினாத்தாள் கொடுப்பேன். ஒரு நாள் கேட்டாள்: "டீச்சர், ரெண்டு கணக்கு தப்பாப் போட்டா என்னையும் கோ-கோ ஆட விடுவீங்களா?"

அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் திறமை என்பது அந்தக் குழந்தைக்குத் தண்டனையாகிவிட்டது என்பது புரிந்தது. தண்டித்தது நான்தான்.

அமெரிக்காவில் 1898இல் பிறந்த வில்லியம் ஜேம்ஸ் சிடிஸின் கதை நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். தந்தை உளவியல் அறிஞர். மகன் 1909இல், 11 வயதில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அடுத்த ஆண்டே நாற்பரிமாண உருவங்கள் பற்றிக் கணித மன்றத்தில் உரையாற்றினான். பத்திரிகைகள் விடாமல் துரத்தின. வளர்ந்த பிறகு அவர் கூட்டல் இயந்திரத்தை இயக்கும் எழுத்தர் வேலைகளைத் தேடிப் போனார். ஆள் அறியாமல் வாழவே விரும்பினார். 1944இல், 46 வயதில் இறந்தார். எழுத்தர் வேலை பார்த்ததை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். டிராம் பயணச் சீட்டுகளைச் சேகரித்து, அதைப் பற்றிப் புத்தகமே எழுதிய மனிதர் அவர். ஆனால் ஊர் பார்த்த சிறுவயது அவருக்குச் சொந்தமாக இல்லை.

அதே ஆண்டு ஹார்வர்டில் சேர்ந்த இன்னொரு சிறுவன் நார்பர்ட் வீனர். பிற்காலத்தில் பெரிய கணித மேதை. 'மகன் சாதாரணப் பையன்தான், என் பயிற்சியால் உயர்ந்தான்' என்ற பொருளில் அவருடைய தந்தை வெளிப்படையாகப் பேசினார். வெற்றி அப்பாவுடையது, தோல்வி மட்டும் தன்னுடையது என்றாகிவிட்ட வலியை வீனர் தன் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். பள்ளி வாசலில் மாணவர் படத்துடன் ஃபிளெக்ஸ் வைக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

மாறாக, ஆஸ்திரேலியாவின் டெரன்ஸ் டாவோ. மூன்றரை வயதில் பள்ளியில் சேர்த்தார்கள். சக மாணவரோடு பழகும் பக்குவம் இன்னும் வரவில்லை என்று கண்டதும் சில வாரங்களில் பெற்றோர் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஐந்து வயதில் மீண்டும் சேர்ந்தபோது, எந்தப் பாடத்தில் எவ்வளவு முன்னே இருந்தானோ அந்தப் பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பு. 1988இல், 13 வயதில் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடில் தங்கம் வென்றான். அதற்கு முன்பே பல்கலைக்கழகக் கணிதம் படித்துக்கொண்டிருந்தவன்தான். ஆனாலும் முழுநேர மாணவனாக அங்கே சேர்ந்தது 14 வயதில். 2006இல் ஃபீல்ட்ஸ் பதக்கம்.

'பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பு' என்ற யோசனையைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். கால அட்டவணையில் இரண்டு பாடவேளைகளை மாற்றினோம். வாரம் இருமுறை பத்தாம் வகுப்பில் போய் இயற்கணிதம் கேட்டாள். முதல் வாரம் அண்ணன்கள் கிண்டல் செய்தார்கள், அவள் அழுதாள். பின்வரிசையில் ஓர் அக்காவின் பக்கத்தில் உட்கார வைத்ததும் சரியானது. போட்டிகளைப் பருவத்துக்கு ஒன்று எனக் குறைத்தோம். எதற்குப் போவது என்று அவளே தேர்ந்தெடுத்தாள். பேச்சுப் போட்டியை முதலில் கைவிட்டாள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அவள் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். "விளையாட விட்டா பரீட்சை என்ன ஆகும் டீச்சர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த உதவித்தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு வரை. அந்த வீட்டில் அது சின்னத் தொகையல்ல. அதனால் பயிற்சியை நிறுத்தவில்லை. காலை வழிபாட்டுக்கு முன் அரை மணி நேரம் என்று மாற்றினேன், அவளோடு இன்னும் ஆறு பேரைச் சேர்த்தேன். அவள் தேர்வானாள். ஆறு பேரில் ஒரு பையனும் தேர்வானான்.

கோ-கோவில் அவள் பெரிய ஆட்டக்காரி இல்லை. ஓட இறங்கும் மூன்று பேரில் முதலில் அவுட் ஆவது பெரும்பாலும் அவள்தான். வகுப்பே கேலி செய்யும். மூச்சு வாங்கிக்கொண்டு, பாவாடையில் மண்ணைத் தட்டியபடி அவளும் சேர்ந்து சிரிப்பாள்.