மாற்றியமைத்த எஞ்சினில் குறையறிதல்

இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார்களுள் பெரும்பாலானவற்றில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள் இருந்தன. அவற்றில் பிஸ்டனுடன் இணைந்த கூம்பூசியொன்று பெட்ரோலை அளந்து விடுகிறது. அதிக ஆற்றல் வேண்டிக் காம் தண்டையும் புகைக்குழாயையும் மாற்றினால், காற்றோட்டம் மாறும். பழைய ஊசி பொருந்தாமற் போகக்கூடும்.

குறையறிய விழைவோர் முதலில் வால்வு இடைவெளியையும் தீப்பொறி நேரத்தையும் சரிபார்த்தல் வேண்டும். பின்னர், எஞ்சின் சூடேறி மெல்ல ஓடுகையில், ஒவ்வொரு கார்புரேட்டரின் பிஸ்டனையும் ஏறத்தாழ 1 மி.மீ. உயர்த்துக. வேகம் மிகுந்து நிலைத்தால் பெட்ரோல் அதிகம்; எஞ்சின் தளர்ந்தால் குறைவு; சற்றே மிகுந்து உடனே முன்நிலை எய்தினால் கலவை சரியானதாகும்.

ஆயினும் இச்சோதனை மெல்லோட்டத்திற்கே சான்றாகும். முழுச்சுமையில் ஊசியின் வேறொரு பகுதியே பெட்ரோலை அளக்கிறது. ஆதலின், பொதுச்சாலையை விடுத்துத் தனித்தடத்தில் முழுச்சுமையுடன் ஓட்டி, எஞ்சினை உடனே நிறுத்தி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நோக்குக. இளம்பழுப்பு நலத்தைக் காட்டும். கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருப்பின் குறைவென ஐயுறல் வேண்டும். இவ்வெண்மையைப் புறக்கணித்தால் எஞ்சின் பிஸ்டனே உருகிப் பழுதாகக்கூடும்.

ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துக்கொள்ளுதல் நலம். பலவற்றை ஒருங்கே மாற்றினால் குறையின் காரணம் புலப்படாது.