குனிந்து வேலை செய்கிறவர்களின் டை

வரைபலகைமீது சாய்ந்தால் நீள டை கோட்டின்மேல் வந்து விழும். ஆய்வுக்கூடத்தில் குடுவையைத் தொடும். குழந்தை மருத்துவரிடம் வரும் பிள்ளை முதலில் எட்டிப் பிடிப்பதும் அதைத்தான். பௌஹவுஸ் கலைப்பள்ளியை நிறுவிய வால்ட்டர் க்ரோப்பியஸ், லெ கொர்பூசியே போன்ற கட்டடக் கலைஞர்கள் போ டை கட்டினார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்த பில் நைக்கும் அதுவே அடையாளம். இதை வெறும் அலங்காரம் என்று நான் நினைப்பதில்லை. குனிந்து வேலை செய்கிறவருக்கு வசதியான கழுத்தணி இது.

மருத்துவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் உள்ள ஒரு மருத்துவமனையில், மருத்துவப் பணியாளர்கள் 42 பேரின் டைகளைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். 20 டைகளில் நோய் உண்டாக்கக்கூடிய கிருமிகள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட காவலாளிகள் 10 பேரில் ஒருவருடைய டையில்தான் அவை தென்பட்டன. நோயாளிமேல் உரசும் டையை யாரும் தினமும் துவைப்பதில்லையே! போ டையிலும் கிருமி ஒட்டும், அதைச் சரிசெய்யக் கையும் போகும். ஆனால் அது படுத்திருப்பவர்மேல் தொங்கிப் படாது.

கடைகளில் மூன்று வகை கிடைக்கும்: காலரில் மாட்டும் கிளிப், எலாஸ்டிக் பட்டியோடு தைத்து வைத்தது, நாமே கட்டிக்கொள்வது. பிள்ளைகளுக்கு எலாஸ்டிக் போதும். பெரியவர்கள் கட்டும் வகையையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தைத்து வைத்தது இரண்டு பக்கமும் அச்சடித்தாற்போல் ஒரே அளவில் நிற்கும். கையால் கட்டியதில் ஒரு மடிப்பு லேசாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் அழகு.

பலரும் மலைத்துப்போகும் இந்த முடிச்சு, ஷூ லேஸ் கட்டும் அதே முடிச்சுதான். ஒரு முனை மற்றதைவிட ஒன்றரை அங்குலம் நீளமாகத் தொங்கட்டும். நீளமானதைக் குட்டையானதன்மேல் போட்டு, கழுத்தடியில் ஒரு முடிச்சு போட்டு, மேலே தூக்கிவிடுங்கள். குட்டை முனையைக் குறுக்காக மடித்துப் பிடித்து, அதன் நடுவே நீள முனையை முன்பக்கம் இறக்குங்கள். பிறகு அதையும் மடித்து, பின்னால் உண்டான இடுக்கில் நுழையுங்கள். இறுக்கும்போது மடிந்த பகுதிகளைத்தான் இழுக்க வேண்டும். முனைகளை இழுத்தால் அவிழ்ந்துவிடும். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிவதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்களை நான் நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் கட்டிப் பழகச் சொல்வேன். அங்கே சுற்றளவு ஏறத்தாழக் கழுத்தளவுதான், விரல்கள் செய்வதும் கண்முன்னே தெரியும். கைக்குப் பழகிய பிறகு கழுத்துக்குப் போகலாம்.

அளவு தவறினால் எல்லாம் கெட்டுவிடும். போ டையின் அகலம் முகத்தின் அகலத்தைத் தாண்டக் கூடாது. ஒல்லி முகத்துக்குக் குறுகலான, நேர்விளிம்பு டை பொருந்தும்; அகன்ற முகத்துக்கு வண்ணத்துப்பூச்சிபோல் விரிந்தது. கழுத்துப் பட்டியில் அங்குலக் கணக்கு குறித்திருக்கும். சட்டைக் காலரின் அளவை அங்கே வைத்துக் கொக்கியை மாட்டினால் போதும்.

நிறத்தில் தொடக்கக்காரர்களுக்கு நான் காட்டுவது சர்ச்சிலை. கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட அவருடைய போ டை வெள்ளைச் சட்டைக்கும் வெளிர் நீலச் சட்டைக்கும் ஒத்துப்போகும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1975 முதல் 2010 வரை நீதிபதியாக இருந்த ஜான் பால் ஸ்டீவன்ஸும் போ டைக்குப் பெயர்பெற்றவர். நீள டை சட்டைப் பொத்தான்களை மறைக்கும், இது மறைக்காது. அதனால் சட்டையின் முன்பக்கம் கசங்காமல் இருக்க வேண்டும். உள்கோட்டு போட்டால் இன்னும் நல்லது.

விருந்து உடையில் விதி கறாரானது. டக்ஸீடோவுக்குக் கறுப்பு போ டை; கோட்டு மடிப்பின் பட்டு பளபளப்பானதென்றால் டையும் பளபளப்பாக, மங்கலானதென்றால் டையும் மங்கலாக இருக்க வேண்டும். வால் கோட்டுக்கு வெள்ளைப் பருத்தி. ஆண்டுதோறும் டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்கும் ஆண்களுக்கு இதுதான் உடை, இல்லையென்றால் தங்கள் நாட்டு உடை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் வேதியியல் பரிசு பெற்றதும் அந்த மேடையில்தான்.

நம் ஊர்க் கல்யாண வரவேற்புகளில் இப்போது மாப்பிள்ளைகள் போ டையோடு நிற்பதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சி. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் மணிக்கணக்கில் நிற்கிறவருக்குக் கழுத்து வியர்க்கும், பட்டில் உப்புக்கறை படியும். பகல் நிகழ்ச்சிக்குப் பருத்தியோ லினனோ எடுங்கள். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடம் விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முடிச்சை அவிழ்த்து, காற்றாட ஒரு ராத்திரி தொங்கவிட்டுப் பிறகு பெட்டியில் வையுங்கள்.