ஊர் ஒன்று, விலாசம் நான்கு

மார்டள்ளியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒரு தகரப் பெட்டி. பெட்டி ஆயாவுடையது. பேத்தி அதைத் திறக்கிறாள். ஒவ்வொரு காகிதமாக எடுத்துப் படிக்கிறாள்.

முதல் காகிதம் ஆயாவின் ஞானஸ்நானச் சீட்டு. ஆண்டு 1954. அதில் கொள்ளேகால் தாலுகா, கோயமுத்தூர் ஜில்லா, சென்னை ராஜ்யம் என்று இருக்கிறது.

இரண்டாவது, கல்யாணச் சீட்டு. ஆண்டு 1974. இதில் மைசூர் ஜில்லா, கர்நாடகம் என்று இருக்கிறது.

மூன்றாவது, பேத்தியின் பிறப்புச் சான்று. ஆண்டு 2000. சாமராஜநகர் மாவட்டம், கொள்ளேகால் தாலுகா.

நான்காவது, புது ரேஷன் கார்டு. அதே மாவட்டம். ஆனால் தாலுகா ஹனூர்!

"ஆயா, நீ எத்தனை ஊரு மாறுனே?" என்று பேத்தி கேட்கிறாள்.

"நான் எங்கே கண்ணு மாறுனேன்? பொறந்ததும் இங்கேதான். வாழ்றதும் இதே திண்ணையிலதான்."

ஆயா சொல்வது சரி. ஊர் நகரவில்லை. ஊரின் விலாசம்தான் நகர்ந்தது. எப்படி நகர்ந்தது? அதனால் நமக்கு என்ன? இதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

மார்டள்ளி கர்நாடகத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. சுற்றிலும் குன்றும் காடும். ராமாபுரம் ஹோபளியைச் சேர்ந்தது. ஹோபளி என்றால் சில ஊர்கள் சேர்ந்த பகுதி. தமிழ்நாட்டில் இதை பிர்க்கா என்பார்கள். பக்கத்தில் மாதேஸ்வரன் மலை. மலையைத் தாண்டி இறங்கினால் பாலாறு வரும். (வேலூர்ப் பக்கம் ஓடும் பாலாறு வேறு. இது காவிரியில் சேரும் சிற்றாறு.) அதைக் கடந்தால் தமிழ்நாடு. மேட்டூர்ப் பக்கம் போய்ச் சேரலாம்.

கன்னடத்தில் ஹள்ளி என்றால் சிற்றூர். மார்டள்ளி, கவுதள்ளி என்ற பெயர்களின் கடைசியில் அந்தச் சொல் கேட்கிறது அல்லவா? ஊர்ப் பெயரில் கன்னடம். வீட்டுப் பேச்சில் தமிழ். மாதா கோயிலில் பூசையும் பாட்டும் தமிழில். இரண்டு மொழியும் இங்கே வெகுகாலமாகப் பழகியவை.

இனி பழைய கதை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் போரில் திப்பு சுல்தான் இறந்தார். அவருடைய நாட்டை வென்றவர்கள் பங்கு போட்டார்கள். மைசூர் ஓர் அரச குடும்பத்துக்குப் போனது. கோயமுத்தூர்ச் சீமை ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போனது. கொள்ளேகால் அந்தக் கோயமுத்தூரோடு சேர்ந்தது. மைசூர் நகரம் கிட்டத்தில் இருந்தது. ஆனால் வரி கட்டியது கோயமுத்தூர் ஜில்லாவுக்கு! இப்படி 157 ஆண்டுகள் ஓடின.

நாடு சுதந்திரம் பெற்றது. பேசும் மொழியை வைத்து மாநிலங்களைப் பிரிக்க வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். 1953-இல் மத்திய அரசு மூன்று பேர் கொண்ட ஆணையத்தை அமைத்தது. அவர்கள் 1955-இல் அறிக்கை கொடுத்தார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி புது எல்லைகள் வந்தன. கொள்ளேகால் தாலுகாவில் கன்னடம் பேசுவோர் அதிகம். ஆகவே தாலுகா முழுதும் மைசூர் மாநிலத்துக்குப் போனது.

தாலுகா முழுதும் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வோர் ஊராகப் பார்த்துக் கோடு போடவில்லை. அதனால் தமிழ் பேசும் மார்டள்ளியும் கூடவே போனது. இது ஒரு பக்கம் மட்டும் நடந்ததல்ல. தாளவாடி மலையில் கன்னடம் பேசுவோர் மிகுதி. அது தமிழ்நாட்டிலேயே தங்கிவிட்டது. கன்னட நடிகர் ராஜ்குமாரின் சொந்த ஊர் காஜனூர். அது தாளவாடியில்தான் இருக்கிறது. கோடு எங்கே போட்டாலும் இரண்டு பக்கமும் சிலர் மாட்டிக்கொள்வார்கள்.

இது சட்டம் செய்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதே 1956-இல் அரசியல் சட்டத்தில் 350-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சிறுபான்மை மொழி பேசுவோரின் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க வசதி வேண்டும் என்று அது சொல்கிறது.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1973-இல் மைசூர் மாநிலத்தின் பெயர் கர்நாடகம் ஆனது. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் பிரிந்தது. பிறகு ஹனூர் தனித் தாலுகா ஆனது.

கடைசி மாற்றம் சிறியது போலத் தெரியும். எனக்கு அதுதான் பெரியதாகத் தெரிகிறது. முன்பு தாலுகா ஆபீசுக்குக் கொள்ளேகால் வரை போக வேண்டும். ஹனூர் பாதி வழியிலேயே வந்துவிடும். ஒரு கையெழுத்துக்காக ஒரு நாள் கூலியை இழப்பவருக்கு இந்தப் பாதி வழி எவ்வளவு பெரிது!

இனி வசதிகளைப் பற்றிப் பேசுவோம். குடிநீர், தெருவிளக்கு, சாலை, பள்ளி, மருத்துவம். இவை யாருடைய பொறுப்பு?

வெளிநாட்டு ஊர் ஒன்றைப் பாருங்கள். இங்கிலாந்தின் வடக்கே சால்டேர் என்று ஓர் ஊர் இருக்கிறது. டைட்டஸ் சால்ட் என்ற ஆலை முதலாளி கட்டிய ஊர். 1853-இல் ஆலை திறந்தது. அதைச் சுற்றித் தொழிலாளர்களுக்கு எண்ணூறுக்கும் அதிகமான கல் வீடுகள் கட்டினார். பள்ளி, மருத்துவமனை, குளியல் கூடம், பூங்கா எல்லாம் வந்தன. அந்தக் காலத்தில் பக்கத்து நகரத்தில் தொழிலாளர்கள் புகையிலும் சாக்கடையிலும் வாழ்ந்தார்கள். சால்டேர் அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் ஊர் முழுதும் முதலாளிக்குச் சொந்தம். மதுக்கடை கூடாது என்றார். திறக்கவில்லை. தெருவில் துணி காயப்போடுவதும் அவருக்குப் பிடிக்காது. வசதி கொடுத்தவர் அவர். ஆகவே சொல்லும் அவருடையதுதான். ஆலை 1986-இல் மூடிவிட்டது. வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். 2001-இல் அந்த ஊர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

மார்டள்ளிக்கு முதலாளி இல்லை. கிராமப் பஞ்சாயத்து இருக்கிறது. கர்நாடகப் பஞ்சாயத்துச் சட்டம் 1993-இல் வந்தது. ஓட்டுரிமை உள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கிராம சபை கூட வேண்டும். அங்கே கணக்குக் கேட்கலாம். இந்த மாநிலத்தில் பஞ்சாயத்து இடங்களில் பாதி பெண்களுக்கு. குழாயில் தண்ணீர் வராவிட்டால் முதலில் தெரிவது பெண்களுக்குத்தானே?

தண்ணீர் என்றதும் ஒரு கணக்கு. 2019-இல் மத்திய அரசு குடிநீர்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கிராமத்தில் வீட்டுக்கு ஒரு குழாய், ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்பது அதன் அளவு. சுமார் நான்கு குடம். உங்கள் வீட்டில் ஐந்து பேர் என்றால் எத்தனை குடம்? எத்தனை வருகிறது? எண்ணி எழுதி வையுங்கள்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் பென்ஷன் இவற்றுக்கு ஹோபளியில் இருக்கும் நாட கச்சேரிக்குப் போக வேண்டும். கர்நாடகத்தில் 2011-இல் சகால சட்டம் வந்தது. எந்த வேலையை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மனுக் கொடுத்தால் எண் போட்ட ஒப்புகைச் சீட்டுத் தருவார்கள். அதை வாங்காமல் வராதீர்கள். சீட்டு இல்லாவிட்டால், மனுவே வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

மனு பெரும்பாலும் கன்னடத்தில் இருக்கும். கன்னடம் எழுதத் தெரியாதா? முதலில் தமிழில் எழுதுங்கள். பிறகு தெரிந்தவரிடம் கன்னடத்தில் எழுதி வாங்குங்கள். அதை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதுதான் அதில் இருக்கிறதா? கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

காகிதத்தின் பலத்துக்கு இந்தப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. வீரப்பனைத் தேடிய காலத்தில் இரண்டு மாநிலப் போலீஸ் படைகளும் இந்தக் காடுகளில் இருந்தன. காட்டோர ஊர்களில் பலர் அடியும் சித்திரவதையும் பட்டார்கள். பட்டவர்கள் புகார் கொடுத்தார்கள். 1999-இல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. மக்கள் வந்து சாட்சி சொன்னார்கள். அது எழுத்தில் ஏறியது. 2007-இல் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுக்க உத்தரவு வந்தது. பட்ட பாட்டுக்கு அது ஈடல்ல. வரவும் வெகுகாலம் ஆனது. ஆனால் வாய்ச் சொல்லாகவே நின்றிருந்தால் அதுவும் வந்திருக்காது.

மாதிரி மனு ஒன்றைப் படியுங்கள்.

பெறுபவர்: தலைவர், கிராமப் பஞ்சாயத்து, மார்டள்ளி, ஹனூர் தாலுகா, சாமராஜநகர் மாவட்டம்.
ஐயா / அம்மா,
எங்கள் தெருவில் ........ வீடுகள் உள்ளன. ........ நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. குழாயைச் சரி செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.
தேதி ........ கையெழுத்து ........

எழுதிப் பாருங்கள், பேசிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய காகிதம் எது? அதில் எந்தத் தாலுகா, எந்த மாவட்டம் இருக்கிறது?

1956-இல் ஊர் ஊராகப் பார்த்துக் கோடு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சால்டேரில் குடியிருந்தவருக்குக் கிடைத்தது எது? அவரால் கேட்க முடியாதது எது?

உங்கள் ஊரில் கடைசியாகக் கிராம சபை கூடிய தேதி என்ன? நீங்கள் போனீர்களா?