மைக்கை எங்கே வைப்பது?

அன்புள்ள கயல்,

ஒலிப்பதிவு படிக்கப் போகிறேன், எந்த மென்பொருள் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஜெஃப் எமெரிக்கைத் தெரிந்துகொள்.

1962-இல் லண்டனில் இ.எம்.ஐ.யின் ஆபி ரோடு ஸ்டூடியோவில் உதவியாளராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 16. டேப் ஓட்டுவதில் தொடங்கி, இசைத்தட்டு வெட்டுவதுவரை பழகினார். 1966 ஏப்ரலில் பீட்டில்ஸின் 'ரிவால்வர்' ஆல்பத்துக்குப் பொறியாளராக உட்கார்ந்தபோது வயது 20.

டிரம்முக்கு மிக அருகில் மைக் வைக்கக் கூடாது, காற்றழுத்தத்தில் கெட்டுவிடும் என்பது அங்கே விதி. எமெரிக் பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார். மைக்கை நெருக்கி வைத்தார். நீளும் அதிர்வு அடங்கி, அடி மட்டும் கனமாக விழுந்தது. ஆட்சேபித்த நிர்வாகம் பிறகு பீட்டில்ஸ் பதிவுகளுக்கு மட்டும் அனுமதி தந்தது. இன்று டிரம்ஸுக்கு நெருங்கி மைக் வைப்பது எங்கும் வழக்கம். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் நாலு வருடம் உட்கார்ந்து கேட்ட காது இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தயாரிப்பாளர் வேலை வேறு. மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோலத் தன் குரல் கேட்க வேண்டும் என்றார் 'ரிவால்வர்' பதிவின்போது பீட்டில்ஸின் ஜான் லெனன். அது ஆசை. அதைச் செய்யக்கூடிய வேலையாக மாற்ற வேண்டியவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். எமெரிக் அந்தக் குரலை ஹேமண்ட் ஆர்கனுக்கான சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அனுப்பிப் பதிவு செய்தார். ஓபோ வாசிப்பு கற்ற மார்ட்டின்தான் முந்தைய வருடம் 'யெஸ்டர்டே' பாட்டுக்கு நான்கு தந்திவாத்தியங்கள் போதும் என்று யோசனை சொன்னவர். ஆகவே பாட்டு வகுப்பை விட்டுவிடாதே. ஸ்வரம் தெரியாத தயாரிப்பாளர் கலைஞரிடம் பேசத் திணறுவார்.

ஆரம்பத்தில் கேபிள் சுற்றும் வேலைதான் கிடைக்கும், சம்பளமும் குறைவு. வீட்டில் இதை மறைக்காமல் சொல்லிவிடு. ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்தே கேள். உள்காதின் நுண்செல்கள் அழிந்தால் திரும்ப முளைக்காது.

இப்போதே ஒன்று செய். அண்ணன் மிருதங்கம் சாதகம் பண்ணும்போது கைபேசியை வலந்தலைப் பக்கம் ஒரு அடி தள்ளி வைத்துப் பதிவு செய். அடுத்து, அதே தூரத்தில் இடது கை வாசிக்கும் தொப்பிப் பக்கம். கடைசியாக அறை மூலையில். ஒவ்வொரு முறையும் அதே சொற்கட்டை வாசிக்கச் சொல். முதலாவதில் வலது கையின் சாப்பு அடி துல்லியமாக இருக்கும். இரண்டாவதில் இடது கையின் கும்கி நாதம் நிறைந்து வரும். மூன்றாவதில் வாத்தியத்தோடு அறையும் பதிவாகியிருக்கும். மூன்றையும் வரிசை மாற்றி, எது எது என்று எழுதாமல் எனக்கு அனுப்பு. நான் சொல்கிறேன், சரியா என்று பார்.

அன்புடன்,
சித்தப்பா