பேட்ஜ் ஆணியில் தொங்கினால் வழக்கும் தொங்கும்

வால்வு காஸ்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க இரிடியம்-192 வைத்துப் படமெடுப்பது கோவை வட்டாரத் தொழிலுக்குப் புதிதில்லை. அந்தச் சோர்ஸைக் கையாள்பவருக்கும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் நிற்பவருக்கும் கதிர்வீச்சால் உடம்பு கெட்டால் யார் பணம் தருவது? அமெரிக்காவில் அணுகுண்டுச் சோதனையால் பாதிக்கப்பட்டோருக்கென்றே 1990இல் ஒரு சட்டம் போட்டார்கள். நமக்குக் கைகொடுப்பது தொழிலாளர் சட்டத்திலுள்ள தொழில்நோய்ப் பட்டியல்தான்.

வேலையில் சேர்ந்த அன்றே தொடங்குங்கள். உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் மார்பில் இருக்க வேண்டும். “கழட்டி ஆணியில மாட்டீட்டுப் போனேனுங்க” என்றால் அட்டையில் பூஜ்யம்தான் வரும். பிறகு எந்த டாக்டர் சொன்னாலும் எடுபடுவது கடினம். தொழிலாளிக்கான டோஸ் வரம்பு ஐந்தாண்டுக்கு 100 மில்லிசீவர்ட். எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. உங்கள் டோஸ் கணக்கைக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். வேலை மாறும்போது நகலில்லாமல் வெளியே வராதீர்கள்.

விரல் சிவப்பது, கொப்பளிப்பது அன்றைக்கே தெரியாது, நாள் கழித்தே வரும். தேதியோடு படமெடுத்து வையுங்கள். “சோர்ஸ் வேலை செய்கிறேன்” என்று டாக்டரிடம் சொல்லி, ஓ.பி. சீட்டில் அதை எழுத வையுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டென்றால் இ.எஸ்.ஐ. மருந்தகம், கிளை அலுவலகம் வழியாகப் போங்கள். பெரிய சிகிச்சைக்குச் சிங்காநல்லூர் ஆஸ்பத்திரி இருக்கிறது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனம் எவ்வளவு என்பதை மருத்துவக் குழு முடிவுசெய்யும்.

இ.எஸ்.ஐ. இல்லையா? முதலாளிதான் இழப்பீடு தர வேண்டும். இந்த இழப்பீட்டுக்கான 1923ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. மனு போகும் இடம் தொழிலாளர் துறை அலுவலகம். இதில் தொழிலாளிக்குச் சாதகமான ஒரு விதி உண்டு: ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் அந்த வேலை பார்த்தவருக்குப் பட்டியலிலுள்ள நோய் வந்தால், அது வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பாடு. ஆகவே சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கான்ட்ராக்டில் வந்தவர் மனுவில் ஏஜென்சியோடு கம்பெனியையும் சேர்க்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டுவிடுங்கள்.

வக்கீலுக்குக் காசில்லாத ஆலைத் தொழிலாளிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். கோர்ட் வளாகத்தில் கேட்டால் வழி காட்டுவார்கள்.