இராஜாஜியும் மதுவிலக்கும்

ஜலகண்டாபுரம், சேலத்திற்கு மேற்கே உள்ள நெசவாளர் ஊர். பகலெல்லாம் தறியில் அமர்ந்து ஈட்டிய கூலி அந்தி வேளையில் கள்ளுக்கடையில் கரையுமாயின், பிள்ளைகளின் கலத்தில் என்ன மிஞ்சும்? சேலம் மாவட்டத்து ஊர்களை வாட்டிய இவ்வினாவை விடுதலைப் போரின் வினாக்களுள் ஒன்றாகவே கருதினார் இராஜாஜி.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த அவர், சேலத்தில் வழக்கறிஞராய் விளங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். காந்தியடிகள் ஒத்துழையாமைக்கு அழைத்தபோது அத்தொழிலைத் துறந்தார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துக் குடிசையில் வாழலானார். மழை பொய்த்த ஊர்ப் பெண்டிருக்கு ஆசிரமம் பஞ்சு அளித்தது. அவர்கள் நூற்ற நூலுக்குக் கூலி தந்தது. தீண்டாமைக்கு அங்கு இடமில்லை. 1929-இல் மதுவிலக்கிற்கென்றே 'விமோசனம்' என்னும் இதழ் அங்கிருந்து வெளிவந்தது. அதில் அவருக்குத் துணைநின்றவர் கல்கி. மறு ஆண்டு வேதாரணியத்தில் உப்புச் சட்டத்தை மீறிச் சிறை சென்றதும் இவரே. அந்நியர் நீங்கினாலும் குடியும் பசியும் தீண்டாமையும் நீங்காவிடின் விடுதலை முழுமை பெறாது என்பது அவர் துணிபு.

1937-இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானதும், அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள், சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைச் சட்டமாக்கினார். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அன்று சேலத்தைச் சேர்ந்தவையே. அரசின் வருவாய் குன்றியது. அதனை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி வந்தது. கள் இறக்கிப் பிழைத்தோர் தொழில் இழந்ததையும் நாம் மறத்தலாகாது. அன்பினால் மனத்தை மாற்ற விழைந்த ஒருவர், காவலரும் தண்டனையும் உடைய சட்டத்தை நாடியது முரணன்றோ எனச் சிலர் வினவலாம். வினா நேரியதே. ஆயினும் குடிப்பவனின் உரிமையைவிட அவன் மனைவி மக்களின் பசியே அவருக்குப் பெரிதாய்த் தோன்றியது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கைவிடப்பட்ட மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 1971-இல் அதனை நிறுத்திவைக்க அரசு எண்ணியபோது, தொண்ணூற்றிரண்டு வயதினரான இராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியை நேரிற் கண்டு, அவ்வாறு செய்ய வேண்டா என வேண்டினார். அவ்வாண்டே கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன.